போலோ ஜிடி டிஎஸ்ஐ: 16 இன்ச் அலாய் மாட்டின பிறகு ஸ்டீயரிங் நடுக்கம், பின்னால உரசல்

கொங்கு_டிஎஸ்ஐ:
ஃபோக்ஸ்வேகன் போலோ கார், 2014 மாடல். கம்பெனி வீல் 15×6 (விட்டம்×அகலம், இன்ச்ல), ஈடி 40 (ஆஃப்செட்: வண்டியில ஒட்டுற முகம் வீலோட நடுக்கோட்டுல இருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்குங்கறது), டயர் 185/60 ஆர்15 (அகலம் மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதுல எத்தனை சதவீதம், ரிம் இன்ச்). இப்போ ஃப்ளோ ஃபார்ம்டு (உருட்டி அழுத்தி லேசா செஞ்ச) அலாய் 16×7, ஈடி 35, டயர் 205/55 ஆர்16. பிசிடி (போல்ட் ஓட்டை எண்ணிக்கை×அந்த வட்டத்தோட விட்டம் மி.மீ.) 5×100 சரியா இருக்கு, நடு ஓட்டை 73.1 மி.மீ. போல்ட் பழசுதான். 90–110 வேகத்துல ஸ்டீயரிங் நடுங்குது. பேலன்சிங் திரும்பப் பார்த்தும் போகல. பின்சீட்டு நிறைஞ்சா பள்ளத்துல டயர் உரசுது. ஸ்பிரிங் மாத்தல. என்ன பண்ணலாம்?

ஹப்57:
முதல்ல போல்ட். அதைப் பார்க்காம வண்டியை எடுக்காதீங்க. கம்பெனி போல்ட்டுக்குத் தலையடி உருண்டையா இருக்கும். வெளி அலாய்ல பெரும்பாலும் 60 டிகிரி கூம்புக் குழி. உருண்டை அதுல உட்கார்ந்தா ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் தொடும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளக்கிற ஸ்பேனர்) கிளிக் அடிச்சாலும் ஓட ஓட லூஸ் ஆகும். குழி கூம்புதான்னா எம்14×1.5 கூம்பு போல்ட் 20 வாங்குங்க. கையால திருகினா 9–10 சுத்தாவது இறங்கணும். ரொம்ப நீளமும் ஆகாது: பின்னால டிரம், போல்ட் முனை உள்ளே இடிக்கும். மாட்டிட்டு வீலைக் கையால சுத்திப் பாருங்க, டக் டக்னு வரக்கூடாது.

நடுக்கத்துக்கு நடு ஓட்டைதான் காரணமா இருக்கணும். போலோ ஹப் (வீல் உட்கார்ற நடு முனை) 57.1, அதாவது சுத்திலும் 8 மி.மீ. காலி. பேலன்சிங் மெஷின் வீலை நடு ஓட்டையில பிடிக்குது, அதனால அங்க சுத்தமா காட்டும். வண்டியில அந்த மையம் கிடைக்கல. 73.1–57.1 ஹப் ரிங் (அந்தக் காலியை அடைக்கிற வளையம்) நாலு போடுங்க. ட்ராக்குக்குப் போற வண்டின்னா அலுமினியம்தான், பிரேக் சூட்டுக்கு பிளாஸ்டிக் இளகிடும். ஹப் துருவைக் கம்பி பிரஷ்ஷால தேய்ச்சிட்டு, ஜாக்கி மேலேயே நட்சத்திர வரிசையில பாதி இறுக்குங்க. இறக்கினதும் 120 நியூட்டன் மீட்டர். 50–100 கி.மீ. கழிச்சு மறுபடி.

ஆஃப்செட்_கணக்கு:
உரசலுக்கு வர்றேன். வீல் அகலத்துல பாதி, அதுல ஈடியைக் கழிச்சா வெளிப்பக்கம், கூட்டினா உள்பக்கம். பழசு 76.2−40 = 36.2. புதுசு 88.9−35 = 53.9. வெளியே 17.7 மி.மீ. தள்ளியிருக்கு, உள்ளே 7.7. அதுக்கு மேல டயர்: 205/55 ஆர்16 விட்டம் 632, பழசு 603. ஆரத்துல மட்டும் 14 மி.மீ.க்கு மேல கூடிருச்சு. கிட்டத்தட்ட 5% பெருசு, ஸ்பீடோவும் அவ்வளவு குறைச்சுக் காட்டும், கியரிங் நீண்டு இழுப்பும் மந்தமாகும். லேசான வீல் வாங்கின பலனே போயிடும்.

205/50 ஆர்16 போடுங்க, விட்டம் 611. லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்குற சுமைக்கான எண்) பழைய டயருக்குக் குறையக்கூடாது.

கொங்கு_டிஎஸ்ஐ:
நன்றி அண்ணா. கடையில ஃபெண்டர் உதட்டை (வீல் வளைவோட விளிம்பை) மடிச்சா போதும்ங்கறாங்க?

ஆஃப்செட்_கணக்கு:
வேண்டாம் தம்பி. பெயின்ட் வெடிச்சு அங்கேயே துரு ஏறும். புது டயர் போட்டதும் உதட்டோட உள்பக்கம் சாக்பீஸ் தடவி, ஆள் ஏத்தி ஓட்டுங்க. சாக்பீஸ் அழிஞ்சா வீலையே மாத்தணும். 16×7 ஈடி 42 வெளியே 10.7தான் போகும், உள்ளே 14.7 வரும், முன்னால ஸ்ட்ரட்டுக்கு (சஸ்பென்ஷன் தண்டுக்கு) இடம் இருக்கான்னு அளந்துக்கோங்க.

என் தேர்வு 15×6.5, 195/55 ஆர்15. விட்டம் 596, எடை மையத்துக்குக் கிட்ட இருக்கும், நம்ம ரோட்டுப் பள்ளத்தையும் தாங்கும். விளம்பர எடையை நம்பாம தராசுல வைங்க. ஜேடபிள்யூஎல் (ஜப்பான் அலாய் வீல் தர) முத்திரையோட, வீல் பின்பக்கம் பொறிச்ச லோடு எண்ணையும் பாருங்க: அதிக சுமை ஏறுற ஆக்ஸிலோட அளவுல பாதிக்குக் குறைஞ்சா அந்த வீலை வாங்காதீங்க.