மான்ஸ்டெரா அல்போ: வெள்ளைப் பகுதி மட்டும் கருகுகிறது, உதவுங்கள்

கேள்வி – வேளச்சேரி மாடி

வரவேற்பறையில் மேற்கு ஜன்னலை ஒட்டி ஒரு மான்ஸ்டெரா அல்போ வைத்திருக்கிறேன். வாங்கியபோது இலைகள் பாதி பச்சை, பாதி பால் வெள்ளை. இப்போது வெள்ளைப் பகுதி மட்டும் ஓரத்திலிருந்து பழுப்பேறி, தொட்டால் அப்பளம் போல் நொறுங்குகிறது. பச்சைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியாக விரிந்த இலையில் பச்சை ஒரு கீற்றுதான். நர்சரித் தொட்டியிலேயே, வெறும் கோகோபீட்டில் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்) இருக்கிறது. மேலே காய்ந்ததும் போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறேன். என்ன விலைக்கு வாங்கினேன் என்று மட்டும் கேட்காதீர்கள்; வீட்டிலேயே இன்னும் சொல்லவில்லை.

பதில் – மொட்டைமாடி

பூஞ்சைதான். வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள், சரியாகிவிடும்.

பதில் – கணுக்கொடி

வேப்பெண்ணெய் வேண்டாம். மேற்கு வெயில் படும் இலையில் எண்ணெய் பூசினால் மிச்சமுள்ள வெள்ளையும் வெந்துவிடும். நோயாக இருந்தால் புள்ளிகள் பெரும்பாலும் ஈரமாகக் கருத்து, மஞ்சள் வளையத்தோடு பச்சைக்குள்ளும் பரவும். உங்களுடையது காய்ந்த கருகல்.

வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லை. பச்சைப் பாதி உழைத்துத்தான் அதற்கும் சோறு போடுகிறது. வெயில் கூடினாலும் வேர் கெட்டாலும் அதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும். எனக்கு வெயிலைவிடத் தொட்டியின் மேல்தான் சந்தேகம். கோகோபீட் மேலே காய்ந்து, அடியில் சொதசொதவென்று கிடக்கும். சரியாகக் கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் ஏற்கெனவே அதிகம். போர்வெல் உப்பும் அதில் சேர்கிறது. ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி எடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேளச்சேரி மாடி

படிவு இருக்கிறது. குச்சி புளித்த வாடையோடு வந்தது. செடியை வெளியே எடுத்துவிட்டேன். மேல் வேர்கள் வெளிறி, உறுதியாக இருக்கின்றன. அடி வேரைப் பிடித்து இழுத்தால் தோல் உருவிக்கொண்டு கையோடு வருகிறது, உள்ளே மெல்லிய நரம்பு மட்டும் நிற்கிறது. தண்ணீரை மாற்ற வேண்டுமா? ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் நீர் வாளி வாளியாக வீணாகிறது.

கணுக்கொடி

அந்தக் கழிவுநீரை மட்டும் ஊற்றாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைநீர் சிறந்தது. ஏ.சி. குழாயில் சொட்டும் நீரிலும் உப்பு மிகக் குறைவு.

அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் நல்ல பகுதி வரை நறுக்குங்கள். தேங்காய் மட்டைத் துண்டு, பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல் துகள்), கொஞ்சம் கரித்துண்டு, கழுவிய கோகோபீட் சிறிதளவு என்று கலந்து, மீந்த வேர் அடங்கும் அளவுள்ள தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டி என்றால் ஈரம் மறுபடி தங்கும். தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரை காட்டு மரங்களைப் பற்றி ஏறும் கொடி இது. அதன் வேருக்குக் காற்றும் வேண்டும். புது வேர் பிடிக்கும்வரை உரம் போடாதீர்கள். ஜன்னலுக்கு மெல்லிய திரை போதும். பயந்துகொண்டு இருட்டு மூலைக்குத் தள்ளிவிடாதீர்கள்.

பதில் – நிழல்வலை

இலை வெளுத்துக்கொண்டே போவது வேறு விஷயம். அல்போவின் நிறம் வளர்நுனியில் உள்ள செல்களின் மரபு மாற்றத்தால் வருவது. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து அதை மாற்ற முடியாது. தண்டைத் திருப்பிப் பாருங்கள்: பச்சையும் வெள்ளையும் கோடுகளாக ஓடும். எந்தக் கணுவின் மொட்டு இரண்டு நிறமும் கலந்த இடத்தில் இருக்கிறதோ, அதற்குச் சற்று மேலே வெட்டினால் அந்த மொட்டு விழித்துக் கலப்பு இலை விட வாய்ப்பு உண்டு. இப்போதே வெட்ட வேண்டாம், செடி தேறட்டும். தொடர்ந்து முழு வெள்ளையாகவே இலை விட்டால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். விற்பவர்கள் அந்த முழு வெள்ளைச் செடியைத்தான் அதிக விலை சொல்லி விற்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை.

வேளச்சேரி மாடி

நன்றி. கருகிய இலைகளை அகற்றிவிடலாமா? பார்க்கவே மனசு கேட்கவில்லை.

கணுக்கொடி

பச்சை இருக்கும்வரை இலையை அகற்றாதீர்கள். கருகியது திரும்பவும் வெள்ளையாகாது. உறுத்தினால் அதை மட்டும், ஒரு மெல்லிய பழுப்பு ஓரம் விட்டுக் கத்தரியுங்கள். நல்ல வெள்ளையில் கத்தரி பட்டால் அந்த ஓரமும் காயும். பிறகு கையைக் கழுவுங்கள். இதுவும் சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு குடும்பம்தான். சாறு பட்டால் அரிக்கும். வீட்டில் குழந்தையோ பூனையோ இருந்தால் வெட்டிய துண்டுகளைக் கீழே போட்டு வைக்காதீர்கள்.