மறு: கோயாகுலேஷன், ஃப்ளாக்குலேஷன்: திரிதலா, தேற்றலா?

அன்புள்ள குழுவினருக்கு,

குடிநீர்ச் சுத்திகரிப்பு பற்றிய பள்ளிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் இன்னும் முடிவாகவில்லை. கலங்கல் நீரில் உள்ள களிமண் துகள்களுக்கு எதிர்மின்சுமை உண்டு. அதனால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, படியாமலே நிற்கும். படிகாரம் போட்டு வேகமாகக் கலக்கினால் அந்தச் சுமை தணியும், இது கோயாகுலேஷன். அப்புறம் மெதுவாகக் கிளறினால் துகள்கள் ஒட்டிப் பஞ்சுபோல் பருத்து அடியில் இறங்கும், இது ஃப்ளாக்குலேஷன்.

> முதலாவதற்குத் 'திரிதல்' போதும், பழகிய சொல்.

பால் திரிந்தால் கெட்டுப்போச்சு என்கிறோம். நீர் தெளிவதற்கும் அதே சொல்லா? கலித்தொகை 142-இல் 'இல்லத்துக் காழ்கொண்டு தேற்றக் கலங்கிய நீர்போல் தெளிந்து' என்று வருகிறது. இல்லம் தேற்றா மரம், காழ் அதன் விதை. தேறு தன்வினை, தேற்று பிறவினை. தெளிந்த கள்ளைத் 'தேறல்' என்றதும் இதே வேர்தான். ஆகவே முதலாவது 'தேற்றல்', இரண்டாவது 'திரளல்' என்பது என் கருத்து.

> இன்று தேற்றுவது என்றால் ஆறுதல் சொல்வது. பிள்ளைகள் குழம்புவார்கள்.

உண்மைதான் அம்மா. ஆனால் அந்தப் பாட்டிலும் நீர் உவமைதான். தெளிவது காதலால் கலங்கிய ஒரு பெண்ணின் மனம். இரண்டு பொருளும் அன்றே ஒன்றாக இருந்திருக்கின்றன.

> 'சுத்திகரிப்பு' வடசொல். எல்லா இடத்திலும் 'தூய்மையாக்கல்' என்று மாற்றுங்கள்.

ஐயா, இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தலைப்பில் சுத்திகரிப்பு இருக்கட்டும், தண்ணீர் கேனில்கூட அதுதான் இருக்கிறது. தனியாகச் 'சுத்தி' என்றால் சித்த மருத்துவர் சேங்கொட்டையின் நச்சை முறிப்பதை நினைப்பார். கோயிலில் தீட்டுக் கழிப்பதை நினைப்பார்கள். இந்தப் படிநிலைக்குத் 'தூய்மையாக்கல்' போட்டால் அது பிழையாகவே ஆகிவிடும். படிகாரம் போட்ட நீர் தெளிந்திருக்கும், ஆனால் கிருமி மிச்சம் இருக்கும். அதற்குத்தான் பிறகு குளோரின். தெளிந்தது எல்லாம் தூயது என்று ஒரு பிள்ளை படித்துவிடக் கூடாது. 'தேற்றல்' தெளிவை மட்டும்தான் சொல்கிறது. எனக்கு அதில் பிடித்ததே அந்த அளவுதான்.

சரி, எழுதிய ஆறு பேரில் நால்வர் 'திரிதல்' என்கிறீர்கள். திரிதல், திரளல் என்றே அனுப்புகிறேன். தேற்றாங்கொட்டைப் படத்தின் கீழ் மட்டும் 'பானையின் உட்புறத்தில் இழைத்து நீரைத் தேற்றுவார்கள்' என்று ஒரு வரி வைத்திருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.