டீ என்று நினைத்தது

ஆங்கில நாவல்களில் முன்பின் கேட்டிராத சொற்கள் என்னை அதிகம் படுத்தியதில்லை. அவற்றுக்கு அகராதி இருக்கிறது. தெரிந்த சொல்தானே என்று கடந்துபோனவைதான் படுத்தின.

வட இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளர் குடும்பம் ஒன்றைப் பற்றிய நாவலைக் கல்லூரி நாட்களில் நூலகத்திலிருந்து எடுத்து வாசித்தேன். அந்த வீட்டில் மாலை ஆறு மணிக்கு ‘டீ’ தயாராகுமே தவிர, இரவுச் சாப்பாடு என்ற பேச்சே வரவில்லை. பாவம், வெறும் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள் போலும் என்று அறுபது பக்கம் வரை அவர்களுக்காக இரங்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு மாலை, சிறுவன் ‘டீக்கு என்னம்மா?’ என்று கேட்க, ‘ஈரலும் வெங்காயமும்’ என்று தாய் பதில் சொன்னாள். திகைத்துப்போய் முன்பக்கங்களைப் புரட்டினால், அந்த ‘டீ’ மேசையில் கத்தியும் முள்கரண்டியும் உருளைக்கிழங்கும் முதலிலிருந்தே இருந்திருக்கின்றன, நான்தான் கவனிக்கவில்லை. அப்பகுதி உழைக்கும் மக்களுக்கு மாலைச் சாப்பாடுதான் டீ, நடுப்பகலில் உண்பதே டின்னர். அவர்கள் என்னைவிட நன்றாகவே சாப்பிட்டிருக்கிறார்கள்.

இனிப்பு என்று நாக்கில் எச்சில் ஊற வாசித்த ‘பிளாக் புட்டிங்’, பன்றி இரத்தத்தையும் கொழுப்பையும் தானியத்தோடு சேர்த்துக் குடலில் அடைத்துச் செய்வது என்று தெரிந்த நாளைப் பற்றி எழுத விரும்பவில்லை.

‘பாப்’ என்ற சொல்லை மட்டும் அகராதியின்றி நானே கண்டுபிடித்தேன் என்பதில் சிறு பெருமை உண்டு. ‘ஐந்து பாப் கடன் கொடு’ என்னும்போதும் ஆங்கிலப் பன்மை விகுதி அதனுடன் சேராததால், அதை ஓர் ஆளின் பெயரென்றே முதலில் எண்ணினேன். பின்னர் ஒரு காட்சியில், ஒரு பாப் விலையுள்ள பொருளுக்கு அரை கிரவுன் நாணயத்தை நீட்டியவனுக்கு ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ் மீதி கிடைத்தது. அரை கிரவுன் என்பது இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று முன்பே தெரியுமாதலால், கழித்துப் பார்த்தபோது பாப் என்பது ஷில்லிங்கேதான் என்று விளங்கிவிட்டது. பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்ற அந்தக் கணக்கை 1971 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷாரே கைவிட்டுவிட்டார்கள். பழைய நாவல் வாசிப்பவர்களுக்குத்தான் விடுதலை இல்லை.

அதே நூலகப் பிரதியில், எனக்கு முன் வாசித்த யாரோ ‘பாப்’ என்ற சொல்லுக்கு எதிரே ‘தம்பியா?’ என்று பென்சிலால் எழுதியிருந்தார். நூலகப் புத்தகத்தில் எழுதுவது தவறென்று தெரிந்தும், அதன் கீழே ‘இல்லை, ஷில்லிங்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.