மேய்ன் தீவுகளில் கோடைக்காலக் கடற்பறவைப் பணி: தீவில் தங்குவதா, படகில் பேசுவதா?

கரைக்காற்று:

வணக்கம். நான் அமெரிக்காவில் வனவிலங்கு உயிரியலில் முதுகலை முதலாண்டு படிக்கிறேன். வரும் கோடையில் மேய்ன் மாநிலத்துக் கடற்பறவைத் தீவுகளில் பருவகாலப் பணிக்கு விண்ணப்பிக்க எண்ணியுள்ளேன். இரண்டு வழிகள் தெரிகின்றன. ஒன்று, மே மாதக் கடைசி முதல் ஆகஸ்ட் வரை ஈஸ்டர்ன் எக் ராக் போன்ற ஒரு தீவிலேயே கூடாரத்தில் தங்கி, பஃபின், ஆலா என்னும் கடற்பறவைகளைக் கணக்கெடுத்துக் கண்காணிப்பது. மற்றொன்று, கரையில் தங்கி, பஃபின் காட்ட அழைத்துச் செல்லும் சுற்றுலாப் படகுகளில் பயணிகளுக்குப் பறவைகளைப் பற்றி விளக்குவது.

உடன் படிப்பவர்கள், தீவுப் பணிதான் ஆய்வுக்கு உதவும், படகில் பேசுவது வெறும் சுற்றுலா வேலை என்கிறார்கள். எனக்கோ மக்களிடம் பேசுவதில்தான் நாட்டம் அதிகம். ஊரில் பள்ளிப் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று பறவை காட்டிய நாட்கள்தான் என்னை இந்தப் படிப்புக்கே கொண்டுவந்தன. இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. பஃபின்களை இத்தீவுகளில் மீண்டும் குடியேற்ற 1973-இல் தொடங்கி, வெற்றி பெற்றதாக எல்லோரும் சொல்லும் ஒரு திட்டத்துக்கு, 50 ஆண்டுகள் கழிந்த பிறகும் ஒவ்வொரு கோடையிலும் புதிதாக ஆட்கள் எதற்குத் தேவைப்படுகிறார்கள்? இப்பணிகளில் இருந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாறைத்தீவு:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே தெளிவாகும். அந்தத் தீவுகளில் ஆட்கள் தங்கியிருப்பதே பாதுகாப்பின் பெரும்பகுதி. மீன்பிடிக் கழிவும் குப்பைக் கிடங்குகளும் ஊட்டி வளர்த்ததால் பெரிய கடற்காகங்கள் அக்கரையோரத்தில் இயற்கையான அளவைவிடப் பெருகிவிட்டன. மனித நடமாட்டம் இல்லாத தீவில் அவை வந்து அமர்ந்து ஆலாக்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடும். ஆலாக்கள் இடத்தைக் கைவிட்டால், அவற்றின் ஆவேசமான காவலை நம்பி அருகில் வாழும் பஃபின்களுக்கும் பாதுகாப்புப் போய்விடும். ஆகவே அங்கே கோடைதோறும் சிலர் குடியிருந்தே ஆக வேண்டும். ஒரு முறை செய்து முடித்துவிட்டுக் கரையேறிவிடக்கூடிய பணி அன்று அது.

நான் இரண்டு கோடைகள் அக்கடலோரத் தீவுகளில் இருந்தேன். படகுத்துறை கிடையாது, சிறு படகில் பாறையை நெருங்கி, அலை தணியும் நொடி பார்த்துக் குதித்து இறங்க வேண்டும். குடிநீர், எரிவாயு, அரிசி, பருப்பு எல்லாம் அதே வழியாகத்தான் வரும். எக் ராக் மொத்தமே 7 ஏக்கர். சமையலுக்கும் பதிவேடுகளுக்கும் ஒரு சிறு மரக்குடில் உண்டு, உறங்குவது கூடாரத்தில். குளிப்பதற்குக் கடல்தான், அது ஜூலையிலும் உறைய வைக்கும். மூடுபனி இறங்கினால் நாள் கணக்கில் கரை தெரியாது.

ஜூன் நடுவில் ஆலாக் குஞ்சுகள் பொரிக்கத் தொடங்கியதும் குடிலை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு முறையும் தாய்ப்பறவைகள் தலைக்கு மேல் பாய்ந்து கொத்தும். குருதி வருமளவுக்குக் கொத்தும். தலையைவிட உயரமாக ஏதாவது செருகிய தடித்த தொப்பி அணிந்தால் அவை அந்த உச்சியைத் தாக்கும், உங்களை விட்டுவிடும். எச்சம் படாத உடை ஒன்றுகூட மிஞ்சாது. அவற்றின் மீது எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை. ஆர்க்டிக் ஆலா தென்முனைக் கடல் வரை போய்த் திரும்பி, இந்தப் பாறையில் ஒரு பிடி கூழாங்கல்லுக்கிடையே முட்டையிட்டிருக்கிறது. அதைக் காக்க அது செய்வது நியாயம்தானே?

பணியின் உயிர்நாடி, ஒளிந்து பார்ப்பதற்கான பலகைப் பெட்டிக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்து, ஒரு பறவை குஞ்சுக்கு எந்த மீனை, எத்தனை, எவ்வளவு நீளத்தில் கொண்டுவருகிறது என்று எழுதுவது. மீனின் நீளத்தை அலகின் நீளத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுவோம். முதல் வாரத்தில் இது சலிப்பான வேலையாகத் தோன்றும். ஆனால் 2012-இல் மேய்ன் வளைகுடா வழக்கத்துக்கு மாறாகச் சூடானபோது நேர்ந்தது என்ன என்பதை இந்தக் குறிப்புகள்தாம் காட்டின. மெல்லிய ஹெர்ரிங், ஹேக் மீன்களுக்குப் பதிலாகத் தட்டையாக அகன்ற பட்டர்ஃபிஷ் மீன்களைப் பெற்றோர் பஃபின்கள் கொண்டுவந்தன. குஞ்சுகளால் அவற்றை விழுங்க முடியவில்லை. தின்ன முடியாத மீன்கள் வளைக்குள் கிடக்க, அவற்றின் அருகிலேயே குஞ்சுகள் பட்டினியால் இறந்தன. அலகில் இருந்த மீனின் பெயரை எவரும் எழுதி வைக்காமல் இருந்திருந்தால், அந்த ஆண்டுக் குஞ்சுகள் ஏன் இறந்தன என்பது யாருக்கும் தெரிந்திருக்காது.

பாறை இடுக்குக்குள் தோள் வரை கையை நுழைத்துக் குஞ்சைத் தேடி எடுப்பதும், எடைபோட்டு அதன் காலில் எண் பொறித்த வளையமிடுவதும், தொலைநோக்கியில் பழைய வளைய எண்களைப் படிப்பதும் உங்கள் பணியாக இருக்கும். பஃபின் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நீங்கள் படிக்கும் எண், நீங்கள் பிறப்பதற்கு முன்பு ஒருவர் அணிவித்ததாகவும் இருக்கலாம்.

நடுக்கடல்:

பாறைத்தீவு சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் படகுப் பணியைச் 'சுற்றுலா வேலை' என்று சொல்வதை ஏற்க மாட்டேன். நான் மூன்று கோடைகள் படகில் ஒலிவாங்கி பிடித்தவள். பயணிகள் தீவில் இறங்குவதில்லை. படகு சுற்றி வரும் நேரத்தில் பார்ப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் முழு அனுபவம். பலர் பஃபினைப் பென்குயின் அளவில் கற்பனை செய்துகொண்டு வருவார்கள். நிற்கும்போது 25 செ.மீ. உயரம்தான் என்று கிளம்பும்போதே சொல்லி, உங்கள் கையால் அளந்து காட்டிவிடுங்கள். இல்லையென்றால் கண்முன்னே மிதக்கும் பறவையைக்கூட அவர்கள் பார்க்கத் தவறிவிடுவார்கள்.

பிறகு கதையைச் சொல்லுங்கள். 1880களிலேயே வேட்டையால் எக் ராக்கில் பஃபின்கள் ஒழிந்துவிட்டன. 1902-இல் மேய்ன் கடலோரம் முழுவதிலுமே மட்டினிக்கஸ் ராக்கில் ஓர் இணைதான் எஞ்சியிருந்தது. மேய்னின் ஹாக் தீவில், ஆடுபான் என்ற பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் முகாமில் பயிற்றுநராக இருந்த ஸ்டீபன் கிரெஸ், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, புல்திட்டையில் வளை அமைத்து, மீன் ஊட்டி வளர்க்கத் தொடங்கியது 1973-இல். 1986 வரை 954 குஞ்சுகள் எக் ராக்குக்கு வந்தன. கடலுக்குப் போனவை திரும்பாத ஆண்டுகளில், கூட்டமாக வாழும் பறவை தனியிடத்தில் இறங்கத் தயங்கும் என்று எண்ணி, பாறைகளில் மரத்தால் செய்த பொம்மைப் பஃபின்களை நிறுத்தினார்கள். 1977-இல் முதல் பறவை திரும்பியது. அலகில் மீனோடு ஒரு பஃபின் வளைக்குள் நுழைந்ததைப் பார்த்தது 1981-இல்தான். எட்டு ஆண்டுக் காத்திருப்பு அது. இந்த இடத்துக்கு வரும்போது படகில் பேச்சு அடங்கிவிடும். நான் ஒவ்வொரு நாளும் கண்டது இது. பொம்மைகளையும் பதிவு செய்த குரல்களையும் வைத்துப் பறவைகளை அழைக்கும் அந்த முறை, 2013-இல் சீனக் கடலோரத்தில், அழிந்துவிட்டதாகவே ஒரு காலத்தில் கருதப்பட்ட சீனக் கொண்டை ஆலாவுக்கும் பயன்பட்டது.

கடினமான கேள்விகளும் வரும். "கடற்காகமும் பறவைதானே, அதை ஏன் விரட்டுகிறீர்கள்?" என்று ஒரு சிறுமி கேட்டபோது, அதன் பெருக்கத்துக்குக் காரணம் நம் கழிவுகள்தாம் என்பதை அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்கு அந்தக் கோடை முழுவதும் தேவைப்பட்டது. அதைச் சொல்லக் கற்றுக்கொண்டதை ஆய்வுத் திறனுக்குக் குறைந்ததாக நான் நினைக்கவில்லை.

வளைய எண்:

நடுக்கடல் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கதையை 1981-இல் நிறுத்திவிடாதீர்கள். நான் பயணியாகச் சென்ற ஒரு படகில், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்ற எண்ணத்தோடுதான் அனைவரும் இறங்கினார்கள். எக் ராக்கில் இன்று 150-க்கும் மேற்பட்ட இணைகள் இருப்பது உண்மை. ஆனால் மேய்ன் வளைகுடா உலகின் பெரும்பாலான கடற்பகுதிகளைவிட விரைவாகச் சூடாகி வருகிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் 1987-இலேயே அழியும் நிலையிலுள்ளதாக அறிவிக்கப்பட்ட ரோசி ஆலாவும் இதே தீவுகளில்தான் கூடு கட்டுகிறது. 2012-இன் பட்டர்ஃபிஷ் செய்தியையும் பயணிகளிடம் சொல்ல வேண்டும்.

கேள்வி கேட்டவருக்கு: உங்களால் முடியுமானால் முதல் கோடையைத் தீவில் கழியுங்கள். படகில் பேசும்போது, மீன் எழுதிய அந்த நாட்கள் உங்கள் குரலில் கேட்கும். மாணவர் விசாவைப் பொறுத்தவரை, விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் பேசி, இப்பணி படிப்போடு தொடர்புடைய பயிற்சியாக ஏற்கப்படுமா என்று எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அனுமதி கைக்கு வராமல் பணியில் சேர வேண்டாம், ஊதியம் உதவித்தொகையாக இருந்தாலும்.

கரைக்காற்று:

மூவருக்கும் நன்றி. தீவுப் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஆகஸ்டில் அவகாசம் கிடைத்தால் ஓரிரு நாள் படகிலும் உடன்செல்ல முடியுமா என்று கேட்கப் போகிறேன். சிறிய ஐயம் ஒன்று. எனக்கு உறக்கம் லேசானது. இத்தனை ஆலாக்களுக்கு நடுவே இரவில் தூங்க முடியுமா?

பாறைத்தீவு:

ஆலாக்கள் இரவிலும் முழுமையாக ஓயாது; ஒரு வாரத்தில் பழகிவிடும். காதடைப்பான் எடுத்துச் செல்லுங்கள், ஆனால் முதல் சில இரவுகள் அதைப் போடாதீர்கள். லீச் பெட்ரல் என்ற சிறு பறவை கடற்காகங்களுக்கு அஞ்சி இருட்டிய பிறகே கரைக்கு வரும். அது மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. நான் இருந்த தீவில், கூடாரத்துக்கு அருகிலேயே, தலையணைக்குக் கீழே தரைக்குள்ளிருந்து அது நள்ளிரவில் குறுகுறுவென்று பாடுவது கேட்கும்.