கனடாவில நாட்டுப்புற வீடும் விறகு பொயிலரும்: வன்னியில இருந்து போற ஆக்களுக்கு

லீவுக்கு விசுவமடுவில வந்து நிக்கிறன். கனடா போகப்போற ஆக்களும், ஏற்கனவே போன பிள்ளையளிண்ட தாய் தேப்பனும் திருப்பித் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான். ஒன்ராறியோவில ரவுணை விட்டுத் தள்ளிக் காணியோட வீடு மலிவா வருதாம், சூடாக்க விறகு பொயிலர்தானாம், எடுக்கலாமோ எண்டு. எடுக்கலாம். என்ன, விறகைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தரோணுமோ எண்டு நினைச்சுக்கொண்டு போறதுதான் எங்கட ஆக்களிண்ட கரைச்சல்.

பொயிலருக்குள்ள நெருப்பைச் சுத்தித் தண்ணி நிக்கும், அந்தச் சுடுதண்ணியை பம்ப் வீடு முழுக்க அறையளைச் சூடாக்கிற ரேடியேற்றருக்கோ நிலத்துக்குக் கீழ ஓடுற குழாய்க்கோ அனுப்பும், குளிக்கிற தண்ணியும் அதிலதான் சூடாகும். இங்க இராவைக்கு ஒரு பாலைக் குத்தியைத் தள்ளிச் சாம்பலால மூடிவிட்டா விடிய ஊதித் தேத்தண்ணி வைக்கலாம் என்ன, அந்தப் பழக்கத்தை அங்க கொண்டு போகாதேங்கோ. காத்தை அடைச்சுப் புகைய விட்டா கிரியோசோட் எண்டு கறுப்புத் தார்ப்பசை ஒண்டு புகைக்கூட்டுக்குள்ள ஒட்டி ஒட்டித் தடிக்கும், அது ஒருநாள் பத்திச்செண்டா வீட்டையும் சேத்துக் கொண்டு போகும். நல்லா மூட்டி முழுவீச்சில எரிய விட்டு, வாற சூட்டைப் பெரிய தண்ணித் தாங்கியில சேத்து வைக்கோணும். மாரியில இரணைமடுக் குளத்தை நிரப்பி வச்சுச் சிறுபோகத்துக்கு அளவாத் திறந்து விடுறமெல்லோ, அதே கணக்குத்தான். பொயிலரிண்ட ஒவ்வொரு கிலோவாட்டுக்கும் குறைஞ்சது 50 லீற்றர் எண்டு வைங்கோ, 30 கிலோவாட் எண்டா 1500 லீற்றர். அவ்வளவு தண்ணி 80 பாகையில இருந்து 40க்கு இறங்கேக்க 70 கிலோவாட் மணி அளவில சூடு வீட்டுக்குக் கிடைக்கும், இரா முழுக்க எழும்பி எழும்பிக் கட்டை போடத் தேவையில்லை. தாங்கி இல்லாத பொயிலரை மலிவெண்டு தலையில கட்டப் பாப்பினம், நானெண்டா வேண்டமாட்டன். இன்னொண்டு, திரும்பி வாற தண்ணி 60 பாகைக்குக் கீழ போகாமப் பாக்கிற வால்வ் இருக்கோ எண்டு பாருங்கோ, இல்லாட்டி உள்ளுக்கு வேர்த்து வேர்த்து இரும்பு கறள் பிடிச்சிடும்.

இனி விறகு. இங்க பிளந்து போட்ட வீரையைச் சோளகம் கெதியாக் காய வச்சிடும், அங்க அந்த வெயிலும் இல்லை அந்தக் காத்தும் இல்லை. ஓக் மரமெண்டா பிளந்து அடுக்கி ரண்டு வருசம், ஆஷ், பேர்ச் எண்டா ஒரு கோடை முழுக்கவாவது வேணும், அதால வாற வருசத்து விறகை இந்த வருசமே வேண்டி அடுக்கிப் போடோணும். விக்கிறவன் எல்லாம் காஞ்சதுதான் எண்டு சொல்லுவான், ஈரம் பாக்கிற மீற்றர் ஒண்டு வேண்டி வைங்கோ, பெரிய விலையில்லை. கட்டையை நடுவால பிளந்து அந்தப் புதுப் பக்கத்தில ரண்டு ஊசியையும் குத்துங்கோ, வெளியில குத்தினா அது குறைச்சுத்தான் காட்டும். 20 வீதத்துக்குக் கீழ நிக்கோணும். பச்சைக் கட்டையிண்ட பாரத்தில பாதிக்குக் கிட்டத் தண்ணி, குடுத்த காசு அந்தத் தண்ணியை ஆவியாக்கவே போயிடும். அடுக்கேக்க நிலத்தில முட்டாமத் தூக்கி அடுக்கி மேல மட்டும் மூடுங்கோ, தறப்பாளால சுத்திக் கட்டினா உள்ளுக்குப் பூஞ்சணம்தான் பிடிக்கும்.

அளவிலயும் ஏமாத்துவாங்கள். இங்க லாண்ட்மாஸ்டர் பெட்டியை எட்டிப் பாத்து விலை பேசுறம், அங்க கோர்ட் கணக்கு. முழுக் கோர்ட் எண்டா 4 அடி, 4 அடி, 8 அடி, மொத்தம் 128 கன அடி. ஃபேஸ் கோர்ட் எண்டு சொல்லி 16 அங்குலக் கட்டையில ஒரு வரிசையைத் தருவினம், அது மூண்டில ஒண்டுதான், கோர்ட் எண்ட பேரைக் கேட்டுப்போட்டு முழு விலையைக் குடுத்திடாதேங்கோ. தூரத்தில இருந்து ஏத்தவும் வேண்டாம், ஆஷ் மரத்தைக் கொல்லுற வண்டு விறகோட பரவுது எண்டு கட்டுப்பாடு இருக்கு. பெயின்ற் அடிச்ச பலகை, மருந்தடிச்ச கட்டை ஒண்டும் உள்ளுக்குப் போடக் கூடாது.

வீடு எழுத முதல் இன்சூரன்ஸ்காரரோட கதையுங்கோ. விறகு எண்டவுடன கன பேர் வெட் (WETT) பரிசோதனைக் கடுதாசி, அதாவது விறகு அடுப்பு, பொயிலர், புகைக்கூட்டைப் பாக்கப் படிச்ச ஆள் வந்து பாத்துக் குடுக்கிற கடுதாசி, கேப்பினம், சிலர் எடுக்கவே மாட்டினம். முத்தத்தில தனிக்கொட்டில் மாதிரி நிக்கிற வெளி பொயிலர் எண்டா அந்த ஊர் முனிசிப்பல் விடுதோ எண்டும் விசாரிக்கோணும், புகையால அயலட்டையோட சண்டை வாறது அதிலதான். காபன் மொனொக்சைட் எண்ட மணமில்லாத நச்சுவாயு வந்தா சத்தம் போடுற அலாரம் கட்டாயம். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில எடுத்து வெளியில, சுவரை விட்டுத் தள்ளி வைங்கோ, தணல் நாள்க்கணக்கில உயிரோட கிடக்கும், கத்தரிக்குப் போடுறதைப் பிறகு பாப்பம்.

கறண்ட் இல்லாமயே வளந்த ஆக்கள் நாங்கள், கறண்ட் நிண்டா என்ன எண்டு இருந்திடாதேங்கோ. பம்ப் நிண்டிடும், நெருப்பு நிக்காது, தண்ணி கொதிக்கத் தொடங்கும். பற்றரியில பம்பை ஓட விடுறதோ, பம்ப் இல்லாமத் தானாச் சுத்திச் சூட்டைக் கழிக்கிற ரேடியேற்றரோ ஏதாவது ஒண்டு பூட்டியிருக்கோணும்.

எங்கட சனம் வெள்ளிக்கிழமை வெளிக்கிட்டா ஸ்காபரோவில கலியாணவீடு, சாமத்தியவீடு எண்டு ஞாயிறு இராத்தான் திரும்பும், மைனஸ் 20இல கட்டை போட வீட்டில ஆள் இல்லையெண்டா குழாய்க்குள்ள தண்ணி உறைஞ்சு வெடிக்கும். தாங்கிச் சூடு இறங்கினவுடன தானா வேலை செய்யத் தொடங்கிற மாதிரி புரொப்பேன் காஸிலயோ கறண்டிலயோ ஓடுற இன்னொரு ஹீற்றர் வேணும். வீடு பாக்கப் போகேக்க முதல் அதைக் கேளுங்கோ, புகைக்கூடு கடைசியா எப்ப கூட்டினது எண்டதையும் கேளுங்கோ.