ராப்புன்ஸல் குறும்படம்: சூனியக்காரி மனதில் நிற்க என்ன செய்ய வேண்டும்?

பென்சில்முனை:

வணக்கம். கிரிம் சகோதரர்களின் ராப்புன்ஸல் கதையை 7 நிமிட 2டி குறும்படமாகச் செய்துகொண்டிருக்கிறோம். சூனியக்காரி ஒரு பெண்ணைக் கோபுரத்தில் அடைத்து வைத்து, அவளுடைய நீண்ட கூந்தலைப் பிடித்து ஏறி வருகிறாள்; ஒரு இளவரசனும் அப்படியே ரகசியமாக வருவது தெரிந்ததும் கூந்தலை வெட்டிவிடுகிறாள், அதுதான் கதை. வினாடிக்கு 24 பிரேம், பெரும்பாலும் டூஸ் (இரண்டு பிரேமுக்கு ஒரு படம்). வசனம் தமிழில். அனிமேட்டிக் (வரைபடங்களை நேரத்துக்கு ஏற்பக் கோத்த முன்வடிவம்) முடிந்துவிட்டது, சூனியக்காரிதான் சரியாக வரவில்லை. வளைந்த மூக்கு, நீள நகம், கத்தல், கைவீச்சு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அவள் வரும் இடங்களில்தான் படம் தொய்கிறது. பார்ப்பவர்களுக்குப் பயமும் இல்லை, அவளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆவலும் இல்லை.

மூன்று கேள்விகள். அவள் ஏன் இப்படி ஆனாள் என்று 50 வினாடி பிளாஷ்பேக் ஒன்று யோசித்திருக்கிறோம், வைக்கலாமா? அவளுடைய அசைவில் எதை மாற்றுவது? கடைசியாக, மூலக்கதையில் அவளுக்குத் தண்டனையே கிடையாது. இளவரசன் கோபுரத்திலிருந்து குதித்த பிறகு அவளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படத்தில் அவளை எப்படி முடிப்பது?

கதைப்பலகை:

பிளாஷ்பேக்கை எடுத்துவிடுங்கள். 420 வினாடிப் படத்தில் 50 வினாடி என்பது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. அதைச் செலவழித்துப் பார்வையாளருக்கு அவள்மேல் இரக்கம் வரவழைத்தால், அடுத்த காட்சியில் அவளைப் பார்த்துப் பயப்படச் சொல்ல முடியாது.

தேவதைக் கதை வில்லிக்கு முன்கதையைவிட முக்கியமானது நிபந்தனை. ராப்புன்ஸலில் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கர்ப்பிணி மனைவிக்காகக் கணவன் மதிலேறிக் கீரை பறிக்கிறான், இரண்டாம் முறை மாட்டிக்கொள்கிறான். சூனியக்காரி முதலில் கோபப்படுகிறாள், ஆனால் அவன் காரணத்தைச் சொன்னதும் தணிந்து, "வேண்டுமட்டும் கீரை எடுத்துக்கொள், பிறக்கிற குழந்தையை எனக்குக் கொடுத்துவிடு, தாயைப் போல் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறாள். குழந்தை பிறந்ததும் வருகிறாள், எடுத்துக்கொண்டு போகிறாள். அவள் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. சொன்ன சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறாள், பயம் அங்கேதான் பிறக்கிறது. இப்படிப்பட்டவளிடம் கெஞ்சியும் பயனில்லை, வாதாடியும் பயனில்லை.

1950ஆம் ஆண்டு வந்த டிஸ்னியின் சின்ட்ரெல்லாவில் சிற்றன்னைக்கு மந்திரம் தெரியாது. வேலையெல்லாம் முடித்து, நல்ல உடையும் கிடைத்தால் விருந்துக்கு வரலாம் என்கிறாள். அந்த "ஆல்" என்ற ஒற்றை விகுதிதான் அவளுடைய ஆயுதம். சின்ட்ரெல்லா நிபந்தனையை நிறைவேற்றிவிட்டு வந்து நிற்கும்போதும் அவள் தடுப்பதில்லை. கழுத்து மணிகளை விரல்நுனியால் தொட்டுப் பாராட்டுகிறாள், அவ்வளவுதான். அவை தங்களுடையவை என்று கண்டுகொண்டு மகள்கள் இருவரும் பாய்ந்து உடையைக் கிழிக்கிறார்கள். அவள் கையில் ஒரு நூல்கூட ஒட்டவில்லை.

ஆண்டர்சன் 1837இல் எழுதிய கடற்கன்னிக் கதையில் கடல் சூனியக்காரி கதாநாயகிக்கு எதிரியே இல்லை. விலை சொல்கிறாள், நாக்கை வாங்கிக்கொள்கிறாள், பிறகு ஒதுங்கிவிடுகிறாள். 1989ஆம் ஆண்டு டிஸ்னி படத்தில் அதே பேரத்தோடு மூன்று நாள் கெடுவும், கையெழுத்திட்ட ஒப்பந்தமும், மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் முத்தம் என்ற நிபந்தனையும் சேர்ந்தன. படம் முழுக்க இழுத்துச்செல்லும் வில்லி அப்படித்தான் உருவானாள்.

உங்கள் படத்துக்கு: முதல் 55 வினாடியைக் கீரைப் பேரத்துக்கே கொடுங்கள். அவள் துரத்திப் பிடிக்கிற மாதிரி வரையாதீர்கள். மூலத்திலேயே அவன் மதிலிலிருந்து இறங்கும்போது எதிரே நிற்கிறாள். நடந்து வரும் அசைவே வேண்டாம், கேமரா அவனோடு கீழே இறங்கும்போது பிரேமின் ஓரத்தில் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கட்டும். பேரம் பேசும்போது அவன் கேட்டதைவிட அதிகமாகத் தன் கையாலேயே கூடையில் கீரையை நிரப்பட்டும். குழந்தையைக் கொண்டுபோகும் ஷாட்டில் அழுகையும் இழுபறியும் வேண்டாம். தொட்டில் இருந்த இடத்தில் அந்தக் கூடை வெறுமையாகக் கிடந்தால் போதும்.

இருபத்துநாலு:

அசைவைப் பற்றிச் சொல்கிறேன். கத்தலும் கைவீச்சும்தான் உங்கள் சிக்கலே. கையை ஓங்குகிறவளுக்கு ஓங்க வேண்டிய அவசியம் இருக்கிறது என்றுதான் பார்க்கிறவர் மனது எடுத்துக்கொள்ளும். அதிகாரம் இருப்பவள் அசையத் தேவையில்லை, மற்றவர்கள்தான் அவளைச் சுற்றி அசைவார்கள்.

1959இல் வந்த டிஸ்னியின் உறங்கும் அழகி படத்தில் வில்லி மெலிஃபிசென்டை வரைந்தவர் மார்க் டேவிஸ். பெயர்சூட்டு விழாவுக்கு வந்து சாபமிடும் காட்சி முழுக்க அவள் நின்று பேசுவதுதான். நின்று பேசும் பாத்திரம் அனிமேஷனில் எளிதில் மரக்கட்டையாகிவிடும். அதனால்தான் அவளுக்குக் கோலும் அண்டங்காக்கையும் இருக்கின்றன. விரல்கள் பறவையைத் தடவும், தலை லேசாகத் திரும்பும், அங்கியின் ஓரங்கள் நெளியும். உடம்பின் நடுப்பகுதி மட்டும் அசையாது.

நீங்கள் செய்து பார்க்க:

திரும்புவது: முதலில் கருவிழி மட்டும், 2 பிரேமில். 5 அல்லது 6 பிரேம் கழித்துத் தலை. தோள் அதற்கும் பிறகு, அல்லது திரும்பவே வேண்டாம். மூன்றும் ஒன்றாகத் திரும்பினால் பொம்மலாட்டம் போல இருக்கும்.

இமை: அவள் ஒரு வாக்கியம் பேசி முடிக்கும்வரை இமைக்கக் கூடாது. முடிந்ததும் ஒரே ஒரு மெதுவான இமைப்பு, 10 பிரேம். பெண்ணுக்கும் இளவரசனுக்கும் வழக்கம்போல 6 பிரேம் இமைப்பை அடிக்கடி வையுங்கள். வேறுபாடு தானாகத் தெரியும்.

ஹோல்டு (ஒரே நிலையில் நிறுத்தி வைப்பது): பலரும் சறுக்குவது இங்கேதான். "அசையாமல் நிற்கட்டும்" என்று ஒரே படத்தை 30 பிரேமுக்கு நீட்டினால் அவள் அமைதியாக நிற்பது போலத் தெரியாது, பிளேயர் நின்றுவிட்டது போலத் தெரியும். 8 பிரேமுக்கு மேல் போகும் எந்த ஹோல்டும் மூவிங் ஹோல்டாக இருக்க வேண்டும். கீ போஸை (அந்த அசைவின் முக்கிய நிலையை) மெல்ல ஒரு திசையில் நகர்த்துங்கள். மொத்த நகர்வு தலை உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அங்கியின் விளிம்பு மட்டும் 4 பிரேம் பிந்தி வந்து அடங்கட்டும். கட்-அவுட் ரிக் (உறுப்புகளைத் தனித்தனியாக வரைந்து இணைத்த பொம்மை) என்றால் மூச்சுக்கு ஒரு தனிக் கன்ட்ரோலர் வைத்து, 60 பிரேமுக்கு ஒரு சுற்று விடுங்கள்.

இவ்வளவு சேர்த்து வைத்த அசைவை ஒரே இடத்தில் செலவழியுங்கள், முடி வெட்டும் இடத்தில். மூலத்திலேயே நடிப்புக் குறிப்பு இருக்கிறது: பின்னலை இடது கையில் ஓரிரு சுற்று சுற்றி, வலது கையில் கத்தரியை எடுத்து வெட்டுகிறாள். சுற்றுவதற்கு 20 பிரேம், மிக மெதுவாக. வெட்டு 3 பிரேம், ஒன்ஸில் (பிரேமுக்கு ஒரு படம்). பிறகு 30 பிரேம் மூவிங் ஹோல்டு, வேறு ஒன்றுமே நடக்கக் கூடாது. படம் முழுக்க அவள் கைவீசிக்கொண்டே இருந்தால் இந்த 3 பிரேமுக்கு எந்த மதிப்பும் இருக்காது.

துள்ளும் சூனியக்காரி எப்போதுமே தவறு என்று சொல்லவில்லை. 1937ஆம் ஆண்டு ஸ்னோ ஒயிட்டில் இரண்டும் உண்டு. அரசியை ஆர்ட் பாபிட் வரைந்தார், அவள் கிழவியாக மாறிய பிறகு நார்மன் ஃபெர்குசன். நிமிர்ந்து நின்ற அரசி தன் அழகை வேஷத்துக்காக விட்டுக்கொடுத்த பிறகுதான் கூனிக் குறுகி, கண்ணை உருட்டி, வாய்விட்டுச் சிரிக்கிறாள். முதல் பாதியின் அசையாமையோடு சேர்த்துப் பார்ப்பதால்தான் அந்தத் துள்ளல் அச்சுறுத்துகிறது.

ஒலிக்கூடம்:

குரலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அனிமேட்டிக்கில் இருப்பது தற்காலிகக் குரல் என்றால், இறுதிக் குரலைப் பதிவு செய்யாமல் அவளுடைய ஒரு ஷாட்டையும் கீ போஸ் போடாதீர்கள். குரலில் எங்கே மூச்சு விழுகிறதோ அங்கேதான் போஸ் மாற வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் மூன்று டேக் எடுங்கள்: இயல்பாக ஒன்று, கோபமாக ஒன்று, குழந்தைக்குச் சோறூட்டும் தொனியில் ஒன்று. பெரும்பாலான இடங்களில் மூன்றாவதுதான் நிற்கும். மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில், அடங்கிய குரலில். பக்கத்தில் வந்து பேசினால் அடித்தொனி தானாகக் கூடும், பிறகு எக்கோவும் ரிவர்பும் போட்டுப் பயமுறுத்த வேண்டிய தேவையே இருக்காது.

தமிழில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். விளிச்சொல். படம் முழுக்க அவள் பெண்ணை "கண்ணு", "தங்கம்" என்றே கூப்பிடட்டும். உண்மை தெரிந்த பிறகும் "கண்ணு" மாறக் கூடாது. கத்தரியை எடுக்கும் கணத்தில் மட்டும் ஒரே ஒரு "அடியே". அதற்கு முன் எங்கேயாவது "அடியே" வந்துவிட்டால் அந்தக் கணம் வீணாகிவிடும்.

இன்னொன்று, "ராப்புன்ஸல், கூந்தலைக் கீழே விடு" என்ற அழைப்பு. அதே சொற்கள், அதே ராகம், அதே இடைவெளியோடு மூன்று முறை வர வேண்டும். முதலில் சூனியக்காரி, இரண்டாவது இளவரசன். மூன்றாவதும் இளவரசன்தான், ஆனால் மேலே இருந்து கூந்தலை விடும் கை சூனியக்காரியுடையது என்று இப்போது நமக்குத் தெரியும். அங்கே பின்னணி இசையை முழுக்க நிறுத்தி, கூந்தல் கல்லில் உரசும் ஓசையை மட்டும் வையுங்கள். 2022இல் வந்த பூட்ஸ் அணிந்த பூனையின் இரண்டாம் படத்தில் ஓநாயின் சீழ்க்கை இப்படித்தான் வேலை செய்கிறது. ஓநாய் திரையில் வருவதற்கு முன்பே சீழ்க்கை கேட்டுவிடுகிறது. இரண்டாம் முறை கேட்கும்போது பூனையின் மயிர்க்கால் சிலிர்ப்பதற்குள் நம்முடையது சிலிர்த்துவிடுகிறது.

வண்ணக்கிண்ணம்:

கதைப்பலகை சொன்னதில் ஒரு பாதியை ஏற்க மாட்டேன். பிளாஷ்பேக் வேண்டாம், சரி. ஆனால் அவளுக்கு என்ன வேண்டும் என்பது தெரியாவிட்டால் வெறும் நிபந்தனை வட்டிக்கடைச் சீட்டு மாதிரி வறண்டுபோகும். அதைச் சொல்ல 50 வினாடி வேண்டாம், ஒரு சைகை போதும். 2010ஆம் ஆண்டு டிஸ்னியின் ராப்புன்ஸல் படத்தில், பெண்ணைக் கடத்தி வளர்க்கும் காதெல் அவளைக் கொஞ்சும்போது முத்தம் விழுவது தலைமுடியில். அந்த முடிதான் அவளை இளமையாக வைத்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். அன்பும் பேராசையும் ஒரே அசைவில் வந்துவிடுகின்றன, பெண் அதை வெறும் அன்பாக மட்டும் பார்க்கிறாள். உங்கள் சூனியக்காரிக்கு முடியில் மந்திரம் இல்லை என்றால் வேறு ஒன்றைத் தேடுங்கள். பெண்ணுக்குத் தலைவாரிவிட்டு, சீப்பில் சிக்கிய இழைகளைச் சுருட்டித் தன் மடியில் முடிந்துகொள்ளலாம். 3 வினாடி ஷாட்.

மூக்கை மாற்றுங்கள் என்பது என் உறுதியான கருத்து. கோணல் மூக்கு, கூன், கறுத்த தோல் என்று வரைந்தாலே தீயவள் என்பது சோம்பேறித்தனம், அநியாயமும்கூட. அந்த முகத்தைப் பார்த்ததும் பெண் ஏன் இவளை நம்புகிறாள் என்ற கேள்வி எழும், கதையே விழுந்துவிடும். 1991ஆம் ஆண்டு டிஸ்னியின் 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில் வில்லன் காஸ்டன் ஊரிலேயே அழகன், ஊரே அவன் பக்கம் நிற்கிறது. அதனால்தான் அவன் ஆபத்தானவன்.

முகத்துக்குப் பதில் நிறத்தைக் கொடுங்கள். அவளுக்கென்று ஒரு நிறம், படத்தில் வேறு எதற்கும் அது வரக் கூடாது. கீரையின் பச்சை பொருத்தமாக இருக்கும். முதல் காட்சியில் மதிலுக்கு அப்பால் மட்டும் அந்தப் பச்சை. குழந்தையின் போர்வை ஓரத்தில் ஒரு கோடு. கோபுரத்தில் பெண்ணின் உடை முழுக்க அதே பச்சை. யாரும் ஒரு வார்த்தை சொல்லாமலே அவள் யாருடைய உடைமை என்பது தெரிந்துவிடும். பின்னணி ஓவியருக்கு இந்த விதியை எழுதியே கொடுங்கள். இல்லாவிட்டால் காட்டுக் காட்சியில் மரத்துக்கெல்லாம் அதே பச்சையைப் பூசிவிடுவார், எல்லாம் குலைந்துபோகும். காட்டை நீலச் சாம்பலில் வைத்துக்கொள்ளலாம்.

கதைப்பலகை:

வண்ணக்கிண்ணம் சொன்ன சீப்பு ஷாட் சரிதான், அதை ஏற்கிறேன். பேரத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவில் அது நன்றாக உட்காரும்.

பென்சில்முனை:

நன்றி. பிளாஷ்பேக் போய்விட்டது, மூக்கும் போய்விட்டது. "கண்ணு" எழுதிப் பார்த்தோம், முதல் வாசிப்பிலேயே வேறு மாதிரி இருக்கிறது. முடிவுதான் பாக்கி. கோபுரத்திலிருந்து விழவைத்துவிடலாமா?

இருபத்துநாலு:

விழவைப்பது எளிது, அதனால்தான் எல்லாரும் அதைச் செய்கிறார்கள். 1937இன் அரசி பாறையிலிருந்து விழுகிறாள், காஸ்டன் கோட்டையிலிருந்து, 2010இன் காதெல் கோபுரத்து ஜன்னலிலிருந்து. நாயகனோ நாயகியோ கையால் கொல்ல வேண்டியதில்லை என்பது இதில் உள்ள வசதி. கிரிம் ஸ்னோ ஒயிட்டில் அரசி பழுக்கக் காய்ச்சிய இரும்புக் காலணியில் சாகும்வரை ஆடுகிறாள். குழந்தைகள் படத்தில் அதை அப்படியே வைக்க முடியாது, அதனால் பாறை வந்தது.

ஆனால் உங்கள் கதையில் இன்னும் நல்ல முடிவு ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கோபுரத்துக்குப் படியும் இல்லை, கதவும் இல்லை, உச்சியில் ஒரு சின்ன ஜன்னல்தான். ஏறி இறங்க இருந்த ஒரே வழி இருபது முழக் கூந்தல். அதை அவளே வெட்டினாள். மூலக்கதையில் பெண்ணைப் பாலைவெளியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, வெட்டிய பின்னலை ஜன்னல் கொக்கியில் கட்டி, இளவரசனை ஏமாற்ற அதையே கீழே விடுகிறாள். அவன் மேலே வந்து, உண்மை தெரிந்து, குதித்துவிடுகிறான். பின்னல் கொக்கியில் தொங்குகிறது.

அங்கே ஒரு சிறிய மாற்றம் செய்யுங்கள். அவன் குதிக்கும்போது தடுமாறிப் பின்னலைப் பிடிக்கிறான், முடிச்சு அவிழ்ந்து பின்னலும் அவனோடு கீழே போய்விடுகிறது. அவள் ஜன்னலில் நிற்கிறாள். தண்டனை என்று யாரும் கொடுக்கவில்லை, அவள் வைத்த விதியே அவள்மேல் மூடிக்கொள்கிறது.

ஷாட் இப்படி: முதலில் கொக்கியின் குளோசப், முடிச்சு நழுவ 14 பிரேம். அடுத்து கோபுரத்தின் முழு உயரம், பின்னல் விழ 20 பிரேம். பிறகு அவள் முகம். வெறும் கருவிழி மட்டும் கீழே போகிறது, தலை போகாது. படம் முழுக்க வாக்கியம் முடிந்த பிறகே இமைத்தவள் இங்கே பேசாமலே இரண்டு முறை சடசடவென்று இமைக்கட்டும், 5 பிரேம் வீதம். அதற்குப் பிறகு வைட் ஷாட்டில் ஒரு மூவிங் ஹோல்டு, 72 பிரேம். ஜன்னலில் ஒரு பச்சைப் புள்ளி. ஒலிக்கூடம் சொன்ன அதே ராகத்தில், சொற்கள் இல்லாமல், அவள் முணுமுணுப்பது தூரத்தில் கேட்கலாம். பதில் வரக் கூடாது.