சூப் கேட்டால் சர்க்கரை வருகிறது

குவாங்சோ ரிட்டர்ன்:
சீனாவில் எம்பிபிஎஸ் சேர்ந்த முதல் மாதம். சூப்புக்கு மாண்டரினில் 'தாங்' என்று மட்டும் தெரியும். கேன்டீன் அக்காவிடம், நம்மூரில் "சூப்?" என்று கேட்பது போலவே குரலை உயர்த்தி "தாங்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். இல்லை என்று தலையாட்டி, இன்னும் உயர்த்தி, "தாங்??" அடுத்து மிட்டாய் வந்தது.

அப்புறம் சீனியர் ஒருவர் விளக்கினார். 'தாங்' என்பதை உச்சத்தில் ஒரே மட்டமாக நீட்டினால் சூப். கீழிருந்து மேலே ஏற்றினால் சர்க்கரை, மிட்டாய். அதாவது நான் போட்ட கேள்விக்குறிதான் அவர்களுடைய இரண்டாம் தொனி! மாண்டரினில் இப்படி நான்கு தொனிகள், கூடவே அழுத்தமில்லாத ஒரு மெல்லிய உச்சரிப்பும் உண்டு. அப்படியானால் கேள்வி எப்படிக் கேட்பது? வாக்கியக் கடைசியில் 'மா' சேர்த்தால் போதும், நம் 'வருவாயா'வில் வரும் ஆ மாதிரி. தெரிந்த பிறகும் கடையில் 'மாய்' என்று சொல்லும்போதெல்லாம் உதறும். தாழ்ந்த குரலில் சொன்னால் வாங்குவது, மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. வாங்கப் போனேனா, விற்கப் போனேனா என்று கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

சிலோம் தெரு:
நடந்திருக்கிறதாவா! எனக்கு உங்களுக்கு நேர் எதிர். நீங்கள் ஏற்றி மாட்டினீர்கள், நான் ஏற்றாமல் மாட்டினேன். பாங்காக்கில் மாரியம்மன் கோயில் பக்கம் குடியிருந்தோம். வீட்டுக்கார அம்மா தன் பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அழகு என்பதற்குத் தாய்லாந்து மொழியில் 'சுவய்'. நாம் எதையும் உறுதியாகச் சொல்லும்போது குரலை மேலே கொண்டுபோக மாட்டோமே, நானும் தட்டையாகச் சொல்லிவைத்தேன். அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது. ஏறினால்தான் அழகாம், தட்டையாகச் சொன்னால் துரதிர்ஷ்டம். பச்சைக் குழந்தையைப் பார்த்து!

அங்கே ஐந்து தொனிகள். 'காவ்' குரல் இறங்கினால் சோறு, ஏறினால் வெள்ளை, தாழ்ந்தே இருந்தால் செய்தி. இதெல்லாம் பரவாயில்லை, இடத்தை வைத்துப் புரிந்துகொள்வார்கள். எனக்குக் கோபம் வருவது 'க்லை' மேல்தான். தட்டையாகச் சொன்னால் தூரம், இறக்கினால் பக்கம். எதிரெதிரான இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலியா வைப்பார்கள்? டாக்ஸியில் ஏறினால் இன்றுவரை கையை அகட்டியும் குறுக்கியும் காட்டித்தான் பேசுகிறேன்.

லூதியானா வாசி:
இதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. பஞ்சாபியும் தொனி உள்ள மொழிதான். பின்னலாடை வேலைக்காக இங்கே வந்த புதிதில், ஒரு கல்யாணத்தில் குதிரை எப்போது வரும் என்று விசாரித்தேன். இந்தியில் 'கோடா' என்று மூச்சுக்காற்றோடு அழுத்திச் சொல்வார்களே, இங்கே எழுத்தில் அந்த அழுத்தம் இருந்தாலும் பேச்சில் இல்லை. அதற்குப் பதிலாகக் குரலைத் தாழ்த்துகிறார்கள். நான் அழுத்தத்தை விட்டேன், தாழ்த்த மறந்தேன். தட்டையான 'கோடா' என்றால் சாட்டை. மாப்பிள்ளைக்குச் சாட்டை எதற்கு என்று பெண் வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நல்லவேளை குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தொழுநோயாளி என்று அர்த்தமாம். தமிழில் எழுதிப் பாருங்கள், மூன்றும் 'கோடா'தான்.

குவாங்சோ ரிட்டர்ன்:
சாட்டை அருமை :)
ஒன்று சொல்ல விட்டுப்போனது. எனக்குத் தொனி சொல்லிக்கொடுத்த சீன நண்பன் பதிலுக்கு என்னிடம் தமிழ் கற்றான். என் ஏற்ற இறக்கத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்பவனுக்கு நம் குறிலும் நெடிலும் காதில் ஏறவே இல்லை. மாண்டரினில் அந்த வித்தியாசம் பொருளை மாற்றாதே! பரீட்சைக்கு முந்தின நாள் வந்து, "படம் பார்க்கலாமா?" என்றான். பாடம் என்றுதான் சொல்ல வந்தான், எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. சினிமாவுக்குப் போனோம்.